கேளுங்கள், சொல்கிறேன்: சுகரும் ஸ்கூபாவும்

போன இதழில் எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். கல்லூரியில் படிக்கும்போது வந்தது, அன்றிலிருந்து இன்சுலின். புதுச்சேரியில் டைவிங் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. நான் டாக்டர் இல்லை. அதனால் ‘எத்தனை யூனிட் குறைக்கணும்?’ என்று கேட்டவர்களின் கடிதங்களை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மற்றவற்றுக்கு வருவோம்.

கேள்வி: எனக்கு வயது 28. டைப் 1. ரெஸ்க்யூ டைவர் நிலை வரை முடித்துவிட்டேன். நான் பழகும் சென்டரில் அடுத்த கட்டமாக, குழுக்களைக் கூட்டிப்போகும் டைவ்மாஸ்டர் பயிற்சிக்குச் சேரச் சொல்கிறார்கள். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 7.1. வீட்டில் அம்மா, “நீ கடலுக்குள்ள போறதே பெரிசு, இதுல நாலு பேரை வேற கூட்டிட்டுப் போகணுமா?” என்கிறார். சேரலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

உங்கள் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நீங்கள் மட்டும் டைவ் செய்வதற்கான கணக்கு. டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் அமைப்பும் அமெரிக்காவின் கடலடி மருத்துவச் சங்கமும் 2005-ல் கூடிப் பேசி ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. உலகம் முழுக்க இன்றைக்கும் பலர் அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இன்சுலின் தொடங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். கடந்த ஒரு வருடத்தில், அடுத்தவர் வந்து தூக்கிவிட வேண்டிய அளவுக்குச் சர்க்கரை இறங்கியோ ஏறியோ இருக்கக் கூடாது. எச்பிஏ1சி 9-க்கு மேல் போகக் கூடாது. கண், சிறுநீரகம், நரம்பு, இதயத்தில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இருக்கக் கூடாது. இவற்றைவிட முக்கியமான ஒன்று: லோ ஆகும்போது, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்போது, உங்களுக்கே அது தெரிய வேண்டும். சிலருக்குப் பல வருடங்களில் அந்தப் படபடப்பும் வியர்வையும் மழுங்கிப்போகும். 60-க்கு இறங்கியிருக்கும், ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவருக்குக் கடல் வேண்டாம். இதெல்லாம் சரியாக இருந்தால் 30 மீட்டருக்குள், ஒரு மணி நேரத்துக்குள், கட்டாய டிகம்ப்ரஷன் நிறுத்தம் (உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் நின்று காத்திருப்பது) இல்லாமல், குகைக்குள்ளும் கப்பல் இடிபாட்டுக்குள்ளும் நுழையாமல் டைவ் செய்யலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இதில் உங்களுக்குப் பெரிய சிக்கல் இருக்காது.

ஆனால் அந்த வழிகாட்டி பொழுதுபோக்குக்காக டைவ் செய்பவருக்கு எழுதியது. வேலை செய்பவரின் ஒரு நாள் வேறு மாதிரி. வாடிக்கையாளர் நாற்பது நிமிடம் மீன் பார்த்துவிட்டு வந்து படகில் சாய்ந்துகொள்வார். நீங்கள் அதற்கு முன்பே இறங்கிக் கயிற்றைக் கட்டியிருப்பீர்கள், மேலே வந்து எல்லோருக்கும் விளக்கம் சொல்லியிருப்பீர்கள், ஒருவருடைய மாஸ்க்கைச் சரிசெய்து, இன்னொருவருடைய எடை பெல்ட்டை மாற்றிக் கட்டியிருப்பீர்கள். டைவ் முடிந்ததும், நீரோட்டத்தில் தள்ளிப்போன ஒருவரைப் படகு வரை இழுத்து வர வேண்டும். நங்கூரம் சிக்கினால் மறுபடி இறங்க வேண்டும். சிலிண்டர்களைத் தூக்கி அடுக்க வேண்டும். அப்புறம் இரண்டாவது குழு காத்திருக்கும். திட்டத்தில் இல்லாத இந்த உழைப்புதான் சர்க்கரையைத் தின்னும். டைவ் அல்ல.

பயிற்சியிலேயே இதன் மாதிரி தெரியும். டைவிங் சான்றிதழ் தரும் பாடி (PADI) அமைப்பின் டைவ்மாஸ்டர் பயிற்சியில் 400 மீட்டர் நீச்சல், ஸ்நார்கெலோடு 800 மீட்டர், ஒரு டைவரை 100 மீட்டர் இழுத்துப்போவது, 15 நிமிடம் நீரில் நின்று மிதப்பது எல்லாம் உண்டு. சில இடங்களில் எல்லாவற்றையும் ஒரே காலையில் முடித்துவிடப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று எழுதிவையுங்கள். இழுத்துப்போகும் தேர்வு உங்களுக்கு எவ்வளவு இறக்குகிறது என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு நிஜமாகவே ஒருவரை இழுக்க வேண்டி வரும்போது அது கைகொடுக்கும். சேருவதற்கே 40 டைவ், முடிப்பதற்குள் 60 டைவ் கணக்கில் இருக்க வேண்டும் என்பதும், 12 மாதத்துக்குள் வாங்கிய டாக்டர் சான்று வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சான்றைத் தெருமுனை கிளினிக்கில் வாங்காதீர்கள். உங்கள் சர்க்கரை டாக்டரும், டைவிங் தெரிந்த ஒரு டாக்டரும் பார்த்துத் தரட்டும். படிவத்தில் ‘டைவிங்’ என்று மட்டும் எழுதாமல், மற்றவர்களைக் கூட்டிப்போகும் வேலை என்றும் எழுதச் சொல்லுங்கள். பிரிட்டனில் இதைச் சம்பளத்துக்குச் செய்கிறவர் அரசு அங்கீகாரம் பெற்ற டைவிங் மருத்துவரிடம்தான் சான்று வாங்க வேண்டும். காரணமில்லாமல் அப்படி வைக்கவில்லை.

இப்போது படகுக்கு வருகிறேன். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அரை மணி முன்பு, இறங்கப்போகும் நேரத்தில் என்று மூன்று முறை சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 150-க்குக் கீழே இருந்தாலும் 300-க்கு மேலே இருந்தாலும் அந்த டைவ் தள்ளிப்போகும். இந்த எண்களை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கூடவே இருக்கும் ‘நிலையாக அல்லது ஏறுமுகமாக’ என்ற நிபந்தனையைத்தான் மறந்துவிடுகிறார்கள். 210, 185, 160 என்று வந்தால் 160 நல்ல எண் இல்லை. அது இறங்கிக்கொண்டிருக்கிறது, தண்ணீருக்குள்ளும் இறங்கும். 152, 158, 166 என்று வந்தால் கிளம்பலாம். விரலில் உப்பு நீரோ வாழைப்பழப் பிசுக்கோ இருந்தால் மீட்டர் பொய் சொல்லும். அதனால் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், ஒரு காய்ந்த துண்டு, ஸ்ட்ரிப் டப்பாவுக்கு மூடி இறுகிய ஒரு டப்பா என மூன்றும் என் பையில் தனியாக இருக்கும். வேறு யாரும் அந்தத் துண்டைத் தொடக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் கறார்.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இறங்கப்போகும் நேரத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்று தாங்க வேண்டுமென்றால் கடலை மிட்டாய் நல்லது. லோ ஆன பிறகு கடலை மிட்டாயும் சாக்லேட்டும் உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். அப்போது வேண்டியது வெறும் குளுக்கோஸ். குளுக்கான்-டி பவுடரைப் படகில் வைக்கலாம், ஆனால் தண்ணீரில் மிதந்துகொண்டு பவுடரை எப்படிப் பிரிப்பீர்கள்? பிதுக்கும் ட்யூபில் வரும் குளுக்கோஸ் ஜெல்லை, காற்று நிரப்பி மிதக்க உதவும் ஜாக்கெட்டான பிசிடியின் பாக்கெட்டில், ஒரு கையால் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கையுறையோடு அதைத் திறந்து பாருங்கள். பல ட்யூப்களின் மூடி திறக்காது.

தண்ணீருக்குள் சந்தேகம் வந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ‘எல்’ வடிவில் காட்டுவது சர்க்கரை உள்ள டைவர்களிடையே புழங்கும் சைகை. காட்டிவிட்டு மேலே போக வேண்டும், பிசிடியில் காற்றை நிரப்பி நன்றாக மிதக்க வேண்டும், குளுக்கோஸ் எடுக்க வேண்டும், தண்ணீரை விட்டு ஏற வேண்டும். சொல்லச் சுலபம். நீங்கள் தலைவி என்றால் நீங்கள் ஏறும்போது குழு முழுக்க ஏறும். காசு கொடுத்து வந்த ஐந்து பேரின் டைவ் பாதியில் முடியும். குளிரா, பயமா, ஆழத்தில் வரும் நைட்ரஜன் மயக்கமா, லோவா என்று தெரியாத ஒரு தலைச்சுற்றலுக்காக அதைச் செய்ய மனம் வருமா? இதற்கு ‘ஆமாம்’ என்று சொல்ல முடிந்தால்தான் உங்கள் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியும்.

இன்னொன்று. சர்க்கரை உள்ள டைவரின் கூட்டாளிக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், லோ ஆனால் என்ன செய்வதென்றும் தெரிந்திருக்க வேண்டும், அவருக்கே சர்க்கரை இருக்கக் கூடாது என்பது விதி. முதல்முறை தண்ணீருக்குள் வரும் இரண்டு பேரை நீங்கள் தனியாகக் கூட்டிப்போனால் உங்கள் கூட்டாளி யார்? யாருமில்லை. அதனால் புதியவர்களோடு தனியாக இறங்குவதில்லை என்று முதல் நாளே சென்டரில் சொல்லிவிடுங்கள். தண்ணீருக்குள் உங்களோடு இன்னொரு டைவ்மாஸ்டரோ ஆசிரியரோ இருக்க வேண்டும். அது நடக்காத நாளில் படகுப் பொறுப்பை எடுங்கள். யார் இறங்கினார், யார் ஏறினார், சிலிண்டரில் எவ்வளவு மீதி, ஆக்சிஜன் பெட்டி எங்கே என்று பார்ப்பதும் தலைமைதான். பல படகுகளில் அதைச் செய்ய ஆளே இருப்பதில்லை.

கடைசியாக, படகோட்டியோடு ஒரு ஒப்பந்தம். லோ ஆகும்போது நமக்குக் கோபம் வரும், “எனக்கு ஒண்ணுமில்ல, போய் வேலையைப் பாருங்க” என்போம். என் படகுக்காரருக்கு மீட்டர் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். “விரலைக் காட்டு சார்” என்றால் நான் பேசாமல் நீட்ட வேண்டும். டைவ் முடிந்து ஒருவர் குழம்பிப் பேசினால் அது டிகம்ப்ரஷன் பாதிப்பாகவும் (மேலே வரும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாவதால் வருவது) இருக்கலாம், லோவாகவும் இருக்கலாம். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே சர்க்கரையையும் பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அதற்குத்தான் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி. எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வாங்கி வையுங்கள்.

சேருங்கள். இந்த ஒப்பந்தங்களுக்கெல்லாம் ஒத்துக்கொள்ளும் சென்டராக இருந்தால்.

கேள்வி: மகனுக்கு 17 வயது. ஆறு மாதம் முன்பு டைப் 1 என்று தெரிந்தது. பள்ளி முடித்ததும் டைவிங் ஆசிரியராக வேண்டும் என்கிறான். டாக்டர் “சர்க்கரை இருந்தால் டைவிங்கே கூடாது” என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன் ஐயா. வெகுகாலம் உலகம் முழுக்க அதுதான் நிலை. பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் 1975-ல் இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தடை போட்டது. ஒருவருக்கு நடந்த விபத்தை வைத்துப் போட்ட தடை அது. 1991-ல் நிபந்தனைகளோடு நீக்கினார்கள். அதன் பிறகு அங்கே சர்க்கரை உள்ள டைவர்களின் விவரங்களை வருடக்கணக்காகச் சேகரித்தார்கள். கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பாதுகாப்பாக டைவ் செய்ய முடிகிறது என்று தெரிந்தது.

உங்கள் மகன் விஷயத்தில் இப்போதைக்குக் காத்திருப்பதுதான். இன்சுலின் தொடங்கி ஒரு வருடம் ஆகட்டும். முதல் பதிலில் சொன்ன 2005 வழிகாட்டி கேட்கும் வயது 18. தனிப் பயிற்சித் திட்டம் இருந்தால் 16 என்பார்கள். ஆரம்ப மாதங்களில் கணையம் கொஞ்சம் மிச்சமிருப்பதை வைத்து வேலை செய்யும், சர்க்கரை அடங்கிய மாதிரி இருக்கும். ‘தேனிலவு’ என்று சொல்லப்படும் அந்தக் காலத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அதுவரை நீச்சலை நன்றாகப் பழகட்டும். நீந்துவதற்கு முன்னும் பின்னும் பார்த்து எழுதிவைக்கும் வழக்கம் அவனுக்கு வருகிறதா என்று கவனியுங்கள். நீங்கள் எழுதிக்கொடுக்காமல் அவனே எழுத வேண்டும்.

கேள்வி: வயது 54. கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சாப்பிடுகிறேன். எங்கள் அலுவலக நண்பர்களின் டைவிங் குழுவுக்கு நான்தான் தலைவர். ஜனவரியில் அந்தமான் போகிறோம். மருத்துவப் படிவத்தில் சர்க்கரை என்று டிக் செய்தால் டாக்டர் கடிதம் கேட்பார்கள். மாத்திரைதானே, போடாமல் விடலாமா?
– மதுரை வாசகர்

கூடாது. இன்சுலின் இல்லை, வெறும் மாத்திரைதானே என்பது நம்மூரில் எல்லோரும் சொல்வது. மெட்பார்மின் மட்டும் என்றால் லோ ஆவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. காலை ஆறு மணிக்கு ஹேவ்லாக்கில், இப்போது ஸ்வராஜ் தீவு, ஜெட்டியில் நின்று ஒரு டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு இரண்டு டைவ் போகிறவருக்கு லோ ஆக அந்த மாத்திரையே போதும். முந்தின இரவு குடித்திருந்தால் இன்னும் மோசம். மது கல்லீரலில் இருந்து சர்க்கரை வருவதைத் தடுக்கும், காலையில்கூட அதன் விளைவு இருக்கும்.

புதிய மாத்திரை தொடங்கியிருந்தால் மூன்று மாதம் பொறுங்கள். 40 வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் இதய அடைப்பு இருக்கலாம் என்பதால் இதயச் சோதனையும் செய்யச் சொல்வார்கள். டாக்டர் கடிதம் கேட்பது இதற்காகத்தான். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை யாராவது சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லட்டும். தண்ணீரில் மூழ்கினாலே உடம்பு கூடுதலாகச் சிறுநீர் கழிக்கும், அதோடு இதுவும் சேர்ந்தால் உடம்பு வறண்டுபோகும். வறண்ட உடம்பில் டிகம்ப்ரஷன் பாதிப்பு வர வாய்ப்பு கூடும்.

குழுத் தலைவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குழுவில் இன்னும் யாருக்கெல்லாம் சர்க்கரை என்று உங்களுக்குத் தெரியுமா? ஐம்பது தாண்டிய அலுவலக நண்பர்கள் என்றால் உங்களோடு நிற்காது. தலைவரே படிவத்தில் மறைத்தால் அவர்களும் மறைப்பார்கள். அப்புறம் கூட்டாளிகளைப் பிரிக்கும்போது சர்க்கரை உள்ள இருவரை ஒன்றாகப் போட்டுவிடுவீர்கள், தெரியாமலேயே. நீங்கள் முதலில் டிக் செய்யுங்கள், வாட்ஸ்ஆப்பில் சொல்லுங்கள். யார் யார் வாயைத் திறக்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: கையில் சர்க்கரை பார்க்கும் சென்சார் இருக்கிறது, போனில் எண் தெரிகிறது. படகில் விரலைக் குத்தத்தான் வேண்டுமா?
– கிள்ளான், மலேசியா

வேண்டும். சென்சார் ரத்தத்தைப் பார்ப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தைப் பார்க்கிறது. வேகமாக இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கும். படகில் அதன் அம்புக்குறி மிக உதவியாக இருக்கும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். ஆனால் ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சாரைத் தயாரித்தவர்கள் உத்தரவாதம் தருவது ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம். பத்து மீட்டரில் அது பிழைத்தால் அதிர்ஷ்டம். இன்சுலின் பம்ப் போட்டிருந்தால் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கழற்றியதிலிருந்து இன்சுலின் ஓடாது என்பதையும் கணக்கில் வையுங்கள். படகில் ஐஸ் பெட்டிக்குள் இன்சுலின் பேனா ஐஸ்கட்டியை நேராகத் தொடக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண். துணியில் சுற்றி வைக்கவும்.

கேள்வி: அண்ணா, திருகோணமலைப் பக்கம் சிறிய டைவிங் நிலையம் நடத்துகிறேன். அனுபவமுள்ள சுழியோடி ஒருவர் வழிகாட்டி வேலைக்குக் கேட்டு வந்திருக்கிறார். இன்சுலின் போடுகிறவர், தானே சொன்னார். வேலைக்கு எடுக்கலாமோ? வாடிக்கையாளருக்குச் சொல்ல வேணுமோ?
– ஒரு நிலைய உரிமையாளர், நிலாவெளி

தானே சொன்னவர் என்பதால் பாதிக் கவலை விட்டது. புறாத்தீவு மாதிரி ஆழம் குறைந்த பாறைகள் அவருக்குப் பொருந்தும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942-ல் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலுக்கு ஆள் கூட்டிப்போக அவரை அனுப்பாதீர்கள். அது ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, டிகம்ப்ரஷன் நிறுத்தம் இல்லாமல் வர முடியாது.

வாடிக்கையாளர் எல்லோருக்கும் அறிவிக்கத் தேவையில்லை. படகில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிய வேண்டும். தண்ணீருக்குள் அவருக்குக் கூட்டாளியாக வருகிறவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். குளுக்கோஸ் எங்கே, ஊசி எங்கே என்று மாதம் ஒருமுறை எல்லோரும் எடுத்துப் பாருங்கள். ஊசியின் காலாவதித் தேதியையும்தான். டைவ் முடிந்து 12, 15 மணி நேரம் வரைக்கும் சர்க்கரை இறங்கலாம் என்பதால், அடுத்த நாள் விடியற்காலை டைவுக்கு அவரைப் போடும் முன் இரவு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பல இடங்களில் வழிகாட்டிகளுக்கு டைவ் கணக்கில் காசு. இரண்டு டைவ் என்றால் இரண்டு மடங்கு. 140-ஐப் பார்த்துவிட்டு “நான் இந்த முறை இறங்கவில்லை” என்று சொன்னால் அவருக்கு அன்றைய பாதி வருமானம் போகும். அப்படி வைத்திருந்தால், வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் அவர் 140-ஐ 160 என்று எழுதுவார், நானும் எழுதுவேன். அவருக்கு நாள் சம்பளம் கொடுங்கள். அவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், அதனால் எல்லோருக்கும் அப்படியே மாற்றுங்கள். சளி பிடித்துக் காது அடைத்த நாளில் காசுக்காக இறங்குகிற மற்ற வழிகாட்டிகளும் அதனால் பிழைப்பார்கள்.